முதுகில் இருக்கும் உயிர்

வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் அந்த வீடியோக்காரர் வெளியே பார்க்கவில்லை. மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பழைய லேப்டாப், அதைவிடப் பழைய டிவிடி டிரைவ், மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சென்னையிலிருந்து வந்த பத்திரிகைக்காரர். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களைப் பற்றி எழுத வந்தவர், மறுநாளே வேறு கதைக்குப் பின்னால் மலையேறிக்கொண்டிருந்தார்.

கதை முந்தின நாள் சாயங்காலம் தொடங்கியது. எடுத்த படங்களைப் பிரிண்ட் போட அவர் நுழைந்த ஸ்டுடியோவுக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஒரு போன் வந்தது. "அண்ணே, எங்க கல்யாண சிடி ஓட மாட்டேங்குது. எங்கம்மா அதுலதான் இருக்காங்க." அம்மா காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சுவரில் போட்டோ இருக்கிறது. ஆனால் அவர் நடப்பதும் சிரிப்பதும் அந்த சிடியில் மட்டும்தான். கல்யாணம் நடந்தது 2007-ல். படம் எடுத்தவரும், எடிட் செய்தவரும், சிடியில் ரைட் பண்ணிக் கொடுத்தவரும் இதே ஸ்டுடியோக்காரர்தான்.

அவர் கேட்ட முதல் கேள்வி பத்திரிகைக்காரருக்கு விசித்திரமாக இருந்தது. "மேல லேபிள் ஒட்டுனதாம்மா, எழுதுனதா?"

ஒட்டியது என்று பதில் வந்தது. வீடியோக்காரரின் முகம் மாறிவிட்டது. "உரிச்சிடாதீங்க. நாளைக்கு நானே வரேன்."

சிடி ஓடவில்லை என்றால் மேலே ஒட்டிய தாளைப் பற்றி எதற்குக் கேட்க வேண்டும்? அந்தக் கேள்வியோடுதான் பத்திரிகைக்காரரும் பஸ் ஏறினார்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, இன்னும் பெரிய சந்தை ஊரின் சாயலை விடவில்லை. சுற்றிலும் கரும்பும் மரவள்ளியும் நெல்லும். கல்யாண மண்டபங்களுக்கும் அவற்றை நம்பிய தொழில்களுக்கும் பஞ்சமில்லை: பிளக்ஸ் கடை, பத்திரிகை அச்சகம், ஸ்டுடியோ, மேளக்காரர். அந்த ஸ்டுடியோவின் மூலையில் ஓர் எப்சன் எல்805 பிரிண்டர் இருந்தது. ஆறு வண்ண மை டேங்க் உள்ள இயந்திரம். அதன் வாயில் செருக ஒரு தட்டு உண்டு. ஒரு காலத்தில் அந்தத் தட்டின் வட்டக் குழியில் சிடியைப் படுக்க வைத்து, மணமக்கள் படத்தை அதன் மேலேயே அச்சிட்டார்கள். இப்போது சிடித் தட்டைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் அட்டை வைக்கும் தட்டைச் செருகியிருக்கிறார்கள். மாப்பிள்ளை–பெண் முகம் வந்த வழியில் பள்ளிப் பிள்ளைகளின் அடையாள அட்டைகள் வருகின்றன.

"சிடிக்கு முகம் போடுறது மூணு விதம் சார்," என்றார் வீடியோக்காரர், பஸ் கச்சிராயபாளையம் சாலையில் திரும்பியபோது. "காசு இல்லாத வீட்டுக்கு மார்க்கர். நடுத்தரத்துக்கு ஸ்டிக்கர். பெரிய கல்யாணத்துக்குப் பிரிண்டபிள்."

சென்னை ரிச்சி தெருவிலிருந்து காலி சிடிக்கள் ஐம்பதும் நூறுமாகக் குச்சியில் கோத்த டப்பாக்களில் வந்து இறங்கும். சாதாரண சிடியின் மேல்பக்கம் பளபளப்பாக, கம்பெனிப் பெயரோடு இருக்கும். அதில் மார்க்கர் பேனாவால் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுத்துவிடலாம். பிரிண்டபிள் சிடியின் மேல்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய சுவர் போல இருக்கும். அந்தப் பூச்சு இன்க்ஜெட் மையை உறிஞ்சிக்கொள்ளும். அச்சிட்ட சூட்டோடு கவரில் போட்டால் மை கவரில் ஒட்டிக்கொள்ளும்; ஈர விரல் பட்டால் மணமகளின் பொட்டு கன்னத்துக்கு இறங்கும். ஆகவே ராத்திரி முழுக்க மேசையில் பரப்பிக் காயவிடுவார்கள். முகூர்த்த மாதங்களில் ஸ்டுடியோ தரை முழுவதும் வட்ட வட்டமாக மணமக்கள் படுத்திருப்பார்களாம்.

இடைப்பட்டது ஸ்டிக்கர். வட்டமாக வெட்டிய, நடுவில் ஓட்டை போட்ட பசைத் தாள். சாதாரண பிரிண்டரில் அச்சடித்து, சிடியின் மேல் ஒரே அழுத்தில் ஒட்ட வேண்டும். கொஞ்சம் கோணினாலும் எடுத்து மறுபடி ஒட்டக் கூடாது. ஏன் கூடாது என்பதைச் சொல்வதற்குள் கோமுகி அணை வந்துவிட்டது.

அணையின் முழு நீர்மட்டம் 46 அடி. கல்வராயன் மலையின் ஓடைகள்தான் அதை நிரப்ப வேண்டும். அணையைத் தாண்டியதும் சாலை எழுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் துண்டு சுமார் இரண்டாயிரம் அடியிலிருந்து மேலே போகிறது. தெற்கே பெரிய கல்வராயன், வடக்கே சின்னக் கல்வராயன். இங்கே வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்பவர்கள் என்பதே பெயரின் பொருள், பேசுவது தமிழ். மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் பிடியில் இருந்த இந்த மலையை அரசு எடுத்துக்கொண்டது 1976-ல்தான். நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

அப்படிப்பட்ட இடத்துக்கு சினிமாவும் சொந்தக் கல்யாணத்தைத் திரையில் பார்க்கும் ஆசையும் வட்டு வடிவத்தில்தான் வந்து சேர்ந்தன. 2006-க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடு வீடாக வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சிடி பிளேயர். அடுத்து, அதில் போட ஏதாவது வேண்டும்.

அந்த ஆண்டுகளில் வட்டின் முகத்துக்கு வந்த மதிப்பைப் புரிந்துகொள்ள டெல்லி வரை போய்வர வேண்டும். 1983-ல் தீபக் புரி தொடங்கிய மோசர் பேர் நிறுவனம், காலி வட்டுத் தயாரிப்பில் உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்து, 2007-ல் சினிமா வட்டுகளை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் விற்க இறங்கியது. தெருவோரத் திருட்டு சிடியின் விலைக்கே அசல் கிடைத்தது. தமிழில் 'பூ', 'ராமன் தேடிய சீதை' போன்ற படங்களைத் தயாரிக்கும் அளவுக்கு நிறுவனம் போனது. 2018-ல் அதைக் கலைத்து விற்க உத்தரவாயிற்று.

விலை ஒன்றாகிவிட்டால் அசலையும் போலியையும் எப்படிப் பிரிப்பது? முகத்தைப் பார்த்துத்தான். பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் சேர்த்த 52ஏ பிரிவின்படி, விற்பனைக்கு வரும் ஒளிப்பதிவில் தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிமையாளர் விவரம், தணிக்கைச் சான்றிதழின் நகல் எல்லாம் இருந்தாக வேண்டும். வட்டின் நடு ஓட்டையைச் சுற்றிய தெளிவான வளையத்தை உற்றுப் பார்த்தால், எந்த ஆலையில் வார்த்தது என்று காட்டும் பொடிக் குறியும் தெரியும். 1994-ல் வந்த ஏற்பாடு அது. போலி வட்டில் பெரும்பாலும் வெறும் மார்க்கர் எழுத்துதான்: படத்தின் பெயர், பக்கத்தில் 1 அல்லது 2. விசிடியில் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் ஒரு தமிழ்ப் படத்துக்குக் குறைந்தது இரண்டு வட்டு வேண்டும். எண் போடாமல் கொடுத்துவிட்டால் இடைவேளைக்குப் பிந்திய சண்டைதான் முதலில் ஓடும்.

2004-ல் தமிழக அரசு திருட்டு வீடியோ விற்பவர்களை 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஓராண்டு வரை விசாரணையின்றி உள்ளே வைக்கலாம். அந்தச் சட்டத்தின் நீண்ட பெயரில் முதலில் வருகிறவர் கள்ளச்சாராயக்காரர். பட்டியலின் பின்பகுதியில் வீடியோ திருடர். கல்வராயன் மலையைப் பத்திரிகை வாசகர்கள் சாராய ஊறல் அழிப்புச் செய்திகளால்தான் அறிவார்கள். 2024 ஜூனில் கீழே கள்ளக்குறிச்சி நகரில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, அந்தப் பெயர் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. தினையும் சாமையும் கடுக்காயும் தேனும் தரும் மலை என்று யாரும் தலைப்புப் போடுவதில்லை.

கரியாலூரைத் தாண்டி, இவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. சாலையோர வயலில் காவலுக்குக் குச்சிகள் நட்டு, கம்பிக்குக் கம்பி வட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் சுழன்று வெயிலை வீசிக் கிளிகளை விரட்டுவதற்காக.

வீடியோக்காரர் வரப்பில் நின்று ஒன்றைப் பிடித்துத் திருப்பினார். "இப்ப பாருங்க, நீங்க கேட்டதுக்குப் பதில் இங்கேயே தொங்குது."

அது ஒரு பழைய சினிமா விசிடி. கீழ்ப்பக்கம் கீறல் விழுந்தும் பளபளப்பு மாறாமல் இருந்தது. மேல்பக்கத்தில் நாயகனின் பாதி முகத்தைக் காணோம். முகம் போன இடத்தில் வெள்ளியும் போய், அந்தப் பக்கத்து மலை தெரிந்தது.

சிடி வைத்திருந்த எல்லோரும் ஒரே பாடத்தைத்தான் படித்திருந்தோம்: கண்ணாடிப் பக்கத்தைத் தொடாதே, அதை மேலே பார்க்க வை, படம் போட்ட பக்கம் தரையில் தேய்ந்தாலும் பரவாயில்லை. நடப்பு அதற்கு நேர்மாறு. வட்டின் தடிமன் 1.2 மி.மீ. ஏறக்குறைய அது முழுக்கத் தெளிந்த பிளாஸ்டிக். கீழேயிருந்து வரும் லேசர் அந்த பிளாஸ்டிக்கைக் கடந்து போய், உச்சியில் இருக்கும் தகவலைப் படித்துத் திரும்புகிறது. தகவலின் மேல் மிக மெல்லிய அலுமினியப் படலம். அதன் மேல் சுமார் பத்து மைக்ரான் வார்னிஷ். தலைமுடியின் கனத்தில் அதைப் போல ஏழு அடுக்கலாம். அதற்கு மேல் அச்சு மை. அவ்வளவுதான் கூரை.

கீழ்ப்பக்கக் கீறல் லேசரின் குவியத்துக்கு வெளியே விழுவதால் பல நேரம் மங்கலாகிவிடும். தடத்தில் சுமார் 2.5 மி.மீ. நீளத்துக்குத் தகவல் தொடர்ச்சியாக விட்டுப்போனாலும், கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும் வித்தை வட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மேல்பக்கம் உரிந்தால் எந்தக் கணக்கும் உதவாது. பிரதிபலிக்க அங்கே ஒன்றுமே இல்லை. சிடியின் உயிர் அதன் முதுகில் இருக்கிறது.

அதனால்தான் ஆலைகளில் முகம் அச்சிடுவது கவனமான வேலையாக இருந்தது. வழி ஒன்றும் நமக்குப் புதியதல்ல. தாம்பூலத்தோடு கொடுக்கும் மஞ்சப்பையில் மணமக்கள் பெயர் விழுகிறதே, அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, அடைத்த கண்கள், திறந்த கண்கள், மேலே ரப்பர் பட்டையால் ஒரு இழுப்பு. பையை வெயிலில் காயப்போடலாம். வட்டுக்கு அத்தனை நேரம் கிடையாது. அதற்கான மை புற ஊதா விளக்கின் கீழ் நொடிகளில் இறுகிவிடும். வெள்ளி மேல் வண்ணம் அடித்தால் உடல் நிறம் ஈயம் பூசியதுபோல் தெரியும் என்பதால், முதல் இழுப்பு எப்போதும் வெள்ளை. அதன் மேல் வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீனாக ஐந்தாறு நிறங்கள் வரை போகும். சாயல் சாயலாக மாறும் புகைப்படம் வேண்டுமென்றால், வெள்ளையை ஸ்கிரீனில் போட்டு, படத்தை நீரில்லா ஆஃப்செட்டில் ஏற்றுவார்கள். ஜெர்மனியின் கம்மான், மெட்ரோனிக் இயந்திரங்கள் இந்தத் தொழிலில் பேர்போனவை.

கூரை சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பெரிய பாடம் உண்டு. பிளாக்பர்ன் நகரின் பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான இசை வட்டுகளில் ஒரு பகுதி ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறத் தொடங்கியது. மேற்பூச்சு வார்னிஷ் கந்தகத்தைத் தடுக்கும் வகையல்ல. உறைத் தாளிலிருந்து கசிந்த கந்தகம், அதன் வழியாகப் புகுந்து உலோகப் படலத்தை அரித்துவிட்டது. அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவர்களின் பொக்கிஷம்தான் கெட்டது.

அச்சு மையே வேண்டாம் என்று ஒரு வழியும் பார்த்தார்கள். 2004-ல் எச்பி நிறுவனம் அறிவித்த லைட்ஸ்கிரைப், தகவலை எழுதும் லேசரைக் கொண்டே லேபிளையும் வரைந்தது. வட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும்; தனிப் பூச்சு கறுத்துச் சாம்பல் நிறப் படம் தெரியும். ஒரு வட்டுக்கு அரை மணி நேரம் வரை பிடிக்கும். "முகூர்த்த நாள்ல நூறு சிடி கேக்குற ஊருல அது ஆகுமா?" என்றார் வீடியோக்காரர். அவர் அதை ஒரே ஒருமுறைதான் முயன்று பார்த்திருக்கிறார்.

வீடு சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. போன் செய்த பெண் வாசலிலேயே காத்திருந்தார். "வாங்கண்ணே, வாங்க சார்" என்று பாய் விரித்தார். துணிப் பெட்டிக்குள் பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து இரண்டு வட்டுகள் வந்தன. இரண்டாம் வட்டில் தாள் தீர்ந்துபோனதால் ஸ்கெட்ச் பேனாவில் 'பாகம் 2' என்று மட்டும் எழுதியிருந்தது. முதல் வட்டில் ஸ்டிக்கர். தாமரைக்கு நடுவே மணமக்கள், கீழே தேதி. தாமரையின் ஓர் இதழ் ஓரத்திலிருந்து எழும்பியிருந்தது.

"சின்னவன் நகத்தால கிளப்பிட்டான்ணே. ஒட்டிப் பாத்தேன், ஒட்டல."

வீடியோக்காரர் வட்டை வெளிச்சத்தில் பிடித்தார். எழும்பிய இதழுக்குக் கீழே நிலாப் பிறை அளவுக்கு வெளிச்சம் ஊடுருவியது. ஸ்டிக்கரின் பசைக்கு வார்னிஷ் மேல் இருக்கும் பிடி, உலோகத்துக்கு பிளாஸ்டிக் மேல் இருக்கும் பிடியைவிட வலிது. தாளை இழுத்தால் வெள்ளியும் கூடவே வரும். எழுதும் சிடியில் தகவல் பதிந்த சாயமும் அதோடு வரும். இரண்டாம் முறை ஒட்டக் கூடாது என்று அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான். "அந்த வருஷம் எனக்கே இது தெரியாதும்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "அழகா இருக்கும்னு ஒட்டிட்டேன். தப்பு என்மேலதான்."

முழுதாக ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் சாது அல்ல. வீட்டு விசிடி பிளேயரில் வட்டு நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்றுதான் சுற்றும். கணினியின் 52 வேக டிரைவில் பத்தாயிரத்தைத் தொடும். அரை மில்லிமீட்டர் கோணலாக ஒட்டிய தாள் அந்த வேகத்தில் வண்டிச் சக்கரத்தில் கட்டிய கல்லாகிவிடும். இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டி நடுவில் தகவலைப் பொதிந்த டிவிடி, உரிவதிலிருந்து தப்பிக்கும். ஆனால் மேலே இருக்கும் தாள் சுருங்கிச் சுருங்கி வட்டையே வளைத்துவிடலாம். அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2003-ல் வெளியிட்ட கையேடு இதைத் தெளிவாகச் சொன்னது: ஒட்டுத்தாள் வேண்டாம், பால்பாயிண்ட் வேண்டாம், தண்ணீர் மை கொண்ட மென்முனைப் பேனா போதும்.

லேப்டாப்பைத் திறந்து, டிரைவின் வேகத்தை மென்பொருளால் குறைத்துவிட்டு, முதலில் இரண்டாம் வட்டைப் போட்டார். அழகே இல்லாத அந்த வட்டு தடங்கலின்றி ஓடியது. விருந்துப் பந்தியில் இலைகளுக்கு நடுவே அம்மா குழம்பு வாளியோடு வந்தார். யாரையோ அதட்டினார். கேமராவைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டில் யாரும் பேசவில்லை. அந்தப் பெண் மட்டும், "மறுபடி போடுங்கண்ணே," என்றார். மூன்று முறை போட்டார்.

முதல் வட்டுக்குக் கொஞ்சம் துணிச்சல் தேவைப்பட்டது. எழும்பிய இதழை உரிக்காமல், சிறு கத்தரியால் தாளை மட்டும் நறுக்கி எடுத்து, தூசியை ஊதிவிட்டுப் போட்டார். கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே போகும். சிடி உள்ளிருந்து வெளியே வரும். சேதம் ஓரத்தில் இருந்ததால் ஆரம்பம் பிழைத்தது. விசிடியில் படம் இருக்கும் எம்பிஇஜிஏவி என்ற கோப்புறை திறந்தது. படம் ஓடியது. மாப்பிள்ளை அழைப்பு, ஆரத்தி, பந்தல், மணவறை. அம்மா மூன்று இடங்களில் தெரிந்தார். மேளம் வேகமெடுத்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். அங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

அதற்குப் பிந்திய சில நிமிடங்கள் சின்னவனின் நகத்தோடு போய்விட்டன. டிரைவ் விடாமல் முயன்று முனகியது. அவர் நிறுத்திவிட்டு, பிழைத்ததை மட்டும் கணினியில் ஏற்றினார். "தாலி கட்டுனது எனக்கு ஞாபகம் இருக்குண்ணே," என்றார் அந்தப் பெண். "அம்மா நடக்குறதுதான் மறந்துட்டே வந்துச்சு."

கடைசி பஸ்ஸில் இறங்கும்போது பையில் மேலும் பதினோரு வட்டுகள் இருந்தன. செய்தி பரவி, பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. ஐந்தில் ஸ்டிக்கர் இருந்தது.

உங்கள் வீட்டிலும் பீரோ மேல் ஒன்றிரண்டு இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் தாள் எழும்பியிருந்தால் உரிக்காதீர்கள், அழுத்தி ஒட்டவும் பார்க்காதீர்கள். படம் போட்ட பக்கத்தைத் தேய்த்துத் துடைக்க வேண்டாம். கண்ணாடிப் பக்கத்தை மட்டும் மென்துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்து, குறைந்த வேகத்தில் ஓட்டி, இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். புது லேப்டாப்புகளில் வட்டு போடும் வாய் இல்லை. ஊர் ஸ்டுடியோவில் கேளுங்கள். பழைய டிரைவ் ஒன்று அங்கே தூசி படிந்து கிடக்கும். கள்ளக்குறிச்சிக்காரரின் டிரைவ் இன்னும் ஓடுகிறது.